‘எளிது’ என்று எப்படிச் சொல்கிறோம்?



இன்று நாம் ஒரு சின்னச் சொல்லை எடுத்துக்கொள்வோம். ஒரு வேலை சிரமமில்லாமல் முடியுமானால் அதை ‘எளிது’ என்கிறோம். ‘சுலபம்’, ‘இலேசு’, ‘இலகு’ என்றும் சொல்வதுண்டு. நம் வீடுகளில் ‘ஈசி’ என்ற ஆங்கிலச் சொல்லும், ‘செனாங்’ என்ற மலாய்ச் சொல்லும் இவற்றோடு கலந்தே புழங்குகின்றன. எல்லாம் ஒன்றுதானே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு சொல்லும் புறப்பட்ட இடம் வேறு. அதைத் தெரிந்துகொள்வது வெறும் பொழுதுபோக்கு அன்று. நம் பிள்ளைகளின் படிப்புக்கும், நம் உழைப்பின் மதிப்புக்கும் இதில் சம்பந்தம் இருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

முதலில் நம் தமிழ். ‘எளிது’ என்பதற்கு எதிர்ச்சொல் என்ன? ‘கடினம்’ என்று பிள்ளைகள் சட்டென்று சொல்வார்கள். அது தவறில்லை. ஆனால் பழைய நூல்களில் ‘எளிது’ என்ற சொல்லுக்கு இணையாக நிற்பது ‘அரிது’. திருவள்ளுவர் வினைத்திட்பம் என்னும் அதிகாரத்தில், வாயால் பேசுவதை எளியதன் பக்கத்திலும், பேசியபடி செய்து முடிப்பதை அரியதன் பக்கத்திலும் வைத்துக் காட்டுகிறார். இந்த ‘அரிது’ என்ற சொல்லைச் சற்றுக் கவனியுங்கள். செய்வதற்குக் கடினமானது என்பது ஒரு பொருள். கிடைப்பதற்குக் கடினமானது என்பது இன்னொரு பொருள். அரிய பொருள் என்றால் எங்கும் கிடைக்காத பொருள். ‘அருமை’ என்று பாராட்டுகிறோமே, அதுவும் இந்தக் குடும்பத்துச் சொல்தான். அப்படியானால், எளியது என்பது செய்யச் சிரமமில்லாதது மட்டுமன்று. கைக்கு எட்டுவது, எங்கும் கிடைப்பது என்பதும் அதில் அடங்கும்.

‘சுலபம்’ வடமொழிச் சொல். ‘நன்றாகக் கிடைக்கக்கூடியது’ என்பதே அதன் அடிப்படைப் பொருள். மலையாளத்தில் இந்தப் பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. சந்தையில் மீன் சுலபம் என்று ஒரு மலையாளி சொன்னால், மீன் தாராளமாகக் கிடைக்கிறது என்று அர்த்தம். வேலை எளிது என்று சொல்ல அவர்கள் ‘எளுப்பம்’ என்பார்கள். நம் ‘எளிது’ என்ற சொல்லுக்கு அது உடன்பிறப்பு. ‘இலகு’ என்பதும் வடமொழியிலிருந்து வந்ததே. அதற்குப் பொருள் பாரமில்லாதது. தெலுங்கில் ‘தேலிக’ என்ற சொல்லுக்கும் பாரமில்லாதது, சிரமமில்லாதது என்று இரண்டு பொருளும் உண்டு. ஆக, நம்மவர்கள் எளிமையை இரண்டு வகையாக அளந்திருக்கிறார்கள். கைக்குச் சுலபமாகக் கிடைக்கிறதா என்பது ஒன்று. தூக்கினால் கனக்கிறதா என்பது மற்றொன்று.

இனி, நாம் தினமும் பேசும் மலாய் மொழிக்கு வருவோம். ‘செனாங்’ என்ற சொல் எத்தனை வேலை செய்கிறது பாருங்கள். கேள்வி செனாங் என்றால் கேள்வி எளிது. வாழ்க்கை செனாங் என்றால் வசதியான வாழ்க்கை. ‘செனாங்’ ஆக இருக்கும்போது வீட்டுக்கு வாருங்கள் என்றால், ஓய்வாக இருக்கும்போது வாருங்கள் என்று பொருள். ‘செனாங் ஹாத்தி’ என்றால் மனமகிழ்ச்சி. காலையில் பள்ளிச் சபைகூடலில் பிள்ளைகளை விறைப்பாக நிற்கச் சொல்லிவிட்டுப் பிறகு ‘செனாங் டிரி’ என்று கட்டளை கொடுக்கிறோமே, அங்கே அதன் பொருள் உடம்பைத் தளர்த்தி நில் என்பதாகும். ஓய்வும் சுகமும் மனநிறைவும்தான் இந்தச் சொல்லின் வேர். சிரமமில்லாத வேலை என்ற பொருள் அதிலிருந்து கிளைத்த ஒன்று.

இந்தோனேசியாவிலிருந்து வந்து நம்மோடு தோட்டங்களில் வேலை செய்கிறவர்கள் ‘சாயா செனாங்’ என்று சொன்னால், எனக்கு மகிழ்ச்சி என்று எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு வேலையில்லை, ஓய்வாக இருக்கிறேன் என்று எடுத்துக்கொண்டால் தகராறுதான் வரும்.

எளிது என்பதற்கு மலாயில் ‘மூடாஹ்’ என்ற சொல்லும் உண்டு. முதல் வகுப்புப் பிள்ளைகள் இதைக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். தமிழ்க் காதில் அது ‘மூடா!’ என்று திட்டுவது போல விழுகிறது அல்லவா? ஆனால் நல்ல சொல் அது. தேர்வுக் கட்டுரையில் எளிது என்று எழுத ‘செனாங்’ என்பதைவிட ‘மூடாஹ்’ என்பதே பொருத்தம். பொது இடங்களில் அறிவிப்புப் பலகைகளில் ‘கெமூடாஹான்’ என்று பார்த்திருப்பீர்கள். வசதிகள் என்று பொருள். காரியத்தை எளிதாக்கித் தருவதுதானே வசதி!

ஆங்கிலத்து ‘ஈசி’ என்ற சொல்லும் மலாய்ச் சொல்லைப் போன்றதே. பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த அதன் வேர்ச்சொல்லுக்குச் சுகம், வசதி என்று பொருள். ‘ஈசிச்சேர்’ என்கிறோமே, அது செய்வதற்கு எளிதான நாற்காலியா? இல்லை. சாய்ந்து சுகமாக உட்காரும் நாற்காலி. பழைய பொருள் அந்த நாற்காலியில் இன்னும் சாய்ந்துகொண்டிருக்கிறது.

இங்கேதான் நாம் முக்கியமான ஓர் இடத்துக்கு வருகிறோம். மலாயில் ‘ஓராங் செனாங்’ என்றால் யார்? வசதி படைத்தவர். ‘ஓராங் சூசா’ என்றால் கஷ்டப்படுகிறவர், ஏழை. தமிழில் ‘எளியவர்’ என்றால் யார்? ‘ஏழை எளியவர்’ என்று சேர்த்தே சொல்கிறோம். அதாவது, எளிது என்ற சொல்லை ஒரு மனிதர்மேல் வைத்தால், மலாயில் அவர் வசதியுள்ளவர் ஆகிறார். தமிழில் அவர் இல்லாதவர் ஆகிறார்! ஏன் இந்த வேற்றுமை? மலாய், அந்த மனிதர் தமக்குள் எவ்வளவு சுகமாக இருக்கிறார் என்று பார்க்கிறது. தமிழ், அவர் மற்றவர்களுக்கு எவ்வளவு சுலபமாக எட்டுகிறார் என்று பார்க்கிறது. எட்டுவது என்பதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. பெரிய மனிதர் ஒருவர் எல்லாரோடும் எளிமையாகப் பழகினால் பாராட்டுகிறோம். அடியார்க்கு எளியவன் என்று இறைவனையே போற்றுகிறோம். ஆனால் எளிதில் கிடைக்கிற பொருளை மலிவு என்பதுபோல, எளிதில் கிடைக்கிற ஆளையும் உலகம் மலிவாக நினைத்துவிடுகிறது. ‘அவன் என்ன கிள்ளுக்கீரையா?’ என்று நாம் கோபமாகக் கேட்பது இதனால்தான்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு, வேலையைப் பற்றி மக்கள் என்னென்ன உவமைகள் சொல்கிறார்கள் என்று பார்ப்போம்.

சாப்பாடு சம்பந்தப்பட்ட உவமைகளுக்குக் கணக்கே இல்லை. நாம் ‘அல்வா சாப்பிடுவது மாதிரி’ என்கிறோம். மலாய் நண்பர்கள் ‘காச்சாங்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். கச்சான் கொட்டை கொறிப்பதுபோல என்று கருத்து. ஆங்கிலேயர் ஒரு துண்டு கேக் என்கிறார்கள். கன்னடத்தில் தண்ணீர் குடிப்பது போல என்பார்கள். கொரியா நாட்டார் படுத்துக்கொண்டே அரிசிப் பலகாரம் தின்பது போல என்கிறார்கள். ஜப்பானியர் காலைச் சோற்றுக்கு முன் என்கிறார்கள். பசியாறுவதற்குள் முடித்துவிடக்கூடிய வேலை என்பது பொருள். இந்தக் கடைசி உவமை நமக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு ஓடி, பசியாறுவதற்கு முன்னமே வரிசை வரிசையாக மரங்களைப் பார்த்துவிடுகிறவர்கள், அந்த வேலையை எளிது என்று சொல்வார்களா?

இன்னொரு வகை, கையைப் பற்றியது. உள்ளங்கையைப் புரட்டுவது போல எளிது என்று சீனர்கள் சொல்கிறார்கள். இது பழைய உவமை. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மென்சியஸ் என்ற அறிஞரின் நூலிலேயே, கையைத் திருப்புவது போல என்ற கருத்து வருகிறது. மலாயிலும் இதே உவமை உண்டு. இந்திக்காரர்கள் இடது கை விளையாட்டு என்பார்கள். நாமோ, ‘அவனுக்கு அது கைவந்த கலை’ என்கிறோம்.

இந்தக் ‘கைவந்த’ என்ற சொல்லில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. அல்வா யார் வாயில் போட்டாலும் இனிக்கும். அதற்குப் பயிற்சி தேவையில்லை. கலை அப்படியன்று. அது கைக்கு வந்துசேர வேண்டும். வந்துசேர நாள் பிடிக்கும். தெலுங்கு பேசும் நம் சகோதரர்கள், ஒருவருக்கு ஒரு வேலை நன்றாக வந்தால் ‘வென்னதோ பெட்டின வித்ய’ என்பார்கள். வெண்ணெயோடு சேர்த்து ஊட்டிய கல்வி என்று பொருள். சிறு வயது முதல் பழகியது என்கிற கருத்து. மலாயில் ‘அலாஹ் பீசா தெகால் பியாசா’ என்று ஒரு பழமொழி இருக்கிறது. பழக்கத்தின் முன் விஷமும் தோற்கும் என்பது அதன் கருத்து. ஆக, வேலை எளிதாக இருப்பதும் கடினமாக இருப்பதும் வேலையில் மட்டும் இல்லை. செய்கிறவர் கையிலும் இருக்கிறது என்பதை நம்மைச் சுற்றியுள்ள மொழிகளெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

இதற்கு நம் பால்மரத்தைவிட நல்ல உதாரணம் ஏது? பழகிய ஒருவர் பால் வெட்டுவதைப் பார்த்தால், கத்தி பட்டையில் வழுக்கிக்கொண்டு போவது போல இருக்கும். சில விநாடிகளில் கோடு முடியும். பால் மங்கில் இறங்கும். பார்ப்பவர்கள், ‘இதென்ன, ஆப்பிள் தோல் சீவுவது மாதிரிதானே’ என்பார்கள். ஆனால் அந்தக் கோடு இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக ஒரே சரிவில் வர வேண்டும். பட்டையை ஆழமாக வெட்டினால்தான் பால் வரும்; ஆனால் உள்ளே மரம் வளரும் மெல்லிய படலத்தைத் தொட்டுவிடக்கூடாது. அந்தப் படலத்துக்கும் கத்திக்கும் நடுவே ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் பட்டை மிச்சமிருக்க வேண்டும். தவறிப் பட்டுவிட்டால் மரம் காயப்படும். புதிதாக வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாக வரும். பிறகு அந்த இடத்தில் ஒழுங்காக வெட்ட முடியாது. இவ்வளவையும் அரை இருட்டில், தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், மரத்துக்கு மரம் செய்ய வேண்டும். செம்பனையில் உயரத்திலிருக்கும் குலையை நீண்ட கழியில் கட்டிய அரிவாளால் இழுத்து அறுப்பதும் இப்படித்தான். எளிதாகத் தெரிகிறது என்றால், செய்கிறவர் அத்தனை ஆண்டு பழகியிருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

ஆகவே, ‘அது இலேசான வேலைதானே’ என்று யாராவது சொன்னால், யாருக்கு இலேசு என்று நாம் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும். புல் வெட்டுவது, உதிரிப் பழம் பொறுக்குவது போன்ற வேலைகளைப் பெண்கள் செய்தால் இலேசான வேலை என்ற பெயர் உடனே ஒட்டிக்கொள்கிறது. பெயர் இலேசானால் மதிப்பும் குறைகிறது. மதிப்பு குறைந்தால் கூலியும் குறைகிறது. வீட்டில் அம்மா செய்யும் வேலைக்கும் இதே கதிதான். மலாயில் ‘ரிங்கான் தூலாங்’ என்ற அழகான தொடர் இருக்கிறது. எலும்பு இலேசானவர் என்பது சொல்லுக்குச் சொல் பொருள். சுறுசுறுப்பான உழைப்பாளி என்பது கருத்து. அங்கே வேலை இலேசு என்று சொல்லவில்லை. அதைச் செய்ய எழுந்துவரும் ஆளின் உடம்பு இலேசு என்கிறார்கள். இது நியாயமான பேச்சு.

இனி, பள்ளிக்கூடத்து விஷயத்துக்கு வருகிறோம். தோட்டப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுக்கும் எங்களிடமும் ஒரு பழக்கம் உண்டு. பெற்றோராகிய உங்களிடமும் உண்டு. பிள்ளை ஒரு கணக்கின்முன் திகைத்து நின்றால், ‘இது சுலபம்தானே, போடு’ என்கிறோம். தைரியம் கொடுப்பதாக நினைத்தே சொல்கிறோம். ஆனால் பிள்ளையின் பக்கமிருந்து யோசித்துப் பாருங்கள். கணக்கைப் போட்டுவிட்டால் அவனுக்குப் பெருமை ஒன்றும் இல்லை. சுலபமான கணக்கைத்தானே போட்டான்! போட முடியாவிட்டாலோ, சுலபமானதுகூட வராத மண்டு என்று தன்னைத்தானே நினைத்துக்கொள்வான். வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலாயும் ஆங்கிலமும் சேர்த்துப் படிக்க வேண்டிய பிள்ளைக்கு இந்த எண்ணம் மனத்தில் விழுந்துவிட்டால் எடுப்பது கடினம். நாளைக்கு இடைநிலைப் பள்ளிக்குப் போனால் அங்கே கேள்வி கேட்கவே கூச்சப்படுவான்.

அதற்குப் பதிலாக என்ன சொல்லலாம்? ‘இது புதிசு, அதனால் கஷ்டமாக இருக்கிறது, பழகினால் கைக்கு வந்துவிடும்’ என்று சொல்லுங்கள். பெரிய கணக்கை இரண்டு மூன்று படிகளாகப் பிரித்து, ‘இந்த முதல் படியை மட்டும் பார்’ என்று சொல்லுங்கள். உங்களுக்கு அந்தக் கணக்கே தெரியாவிட்டாலும் பாதகமில்லை. முதன்முதலில் கத்தி பிடித்தபோது உங்கள் கை எப்படி நடுங்கியது, கோடு நேராக வர எத்தனை மாதம் ஆயிற்று என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். அந்தப் பாடத்தை எங்களைவிட நீங்கள் நன்றாகச் சொல்லிக்கொடுக்க முடியும்.

நேயர்களே, ஒரே ஒரு வாரம் வீட்டில் இப்படிச் செய்து பாருங்கள். ‘சுலபம்’, ‘இலேசு’, ‘செனாங்’, ‘ஈசி’ ஆகிய சொற்களில் எது வாயில் வந்தாலும், ‘யாருக்கு?’ என்று பக்கத்தில் இருப்பவர் கேட்க வேண்டும். பிள்ளைகள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்வார்கள். எத்தனை முறை அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்ல முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள்.