பார்த்திபேந்திரன் ஏன் மாறினான்?

தவக்காலம் வந்துவிட்டால் நம் காவிரிக் கரைப் பங்குகள் சிலவற்றில் பாஸ்கு நாடக ஒத்திகை தொடங்கிவிடும். யூதாஸ் வேடம் ஏற்கும் இளைஞன் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "கூடவே இருந்து உண்டவன், முப்பது வெள்ளிக்காசுக்கா காட்டிக்கொடுத்தான்?" நியாயமான கேள்வியே. ஆனால் புனித யோவான், பணப்பை அவனிடம் இருந்ததையும், அதிலிருந்து அவன் எடுத்துவந்ததையும் பெத்தானியா விருந்திலேயே சொல்லிவிடுகிறார். அந்தத் துரோகம் ஓர் இரவில் பிறந்ததன்று என்பது நமக்கு விளங்கிவிடுகிறது.

இதே கேள்வியோடு, நம் சோழநாட்டைக் களமாகக் கொண்ட "பொன்னியின் செல்வன்" நாவலை அண்மையில் மீண்டும் படித்தேன். மாயவரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் பிறந்த கல்கி, 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதிய கதை அது. வீரர்கள் தீமையின் பக்கம் சாயும் இடங்கள் அதில் பல உள்ளன.

பெரிய பழுவேட்டரையரைப் பாருங்கள். அறுபத்து நான்கு விழுப்புண் பெற்ற கிழவர், சோழநாட்டின் தனாதிகாரி. அவரே அரசுக்கு எதிரான சதிக்குத் தலைமை தாங்குகிறார். முதுமையில் மணந்த நந்தினியின்மீது கொண்ட மோகம் ஒரு காரணம். ஆனால் அது மட்டுமன்று. தலைமுறை தலைமுறையாக இரத்தம் சிந்திய குலத்தை இளவரசர்கள் மதிக்கவில்லை என்ற மனத்தாங்கல் உண்டு. கண்டராதித்தரின் மகனுக்கே பட்டம் உரியது என்ற நியாயமும் கையில் இருக்கிறது. தாம் செய்வது தர்மமே என்று அவர் நம்புகிறார். ஆகவே அவர் விழுவதையும் நம்புகிறோம். பின்னர் உண்மை உணர்ந்து அவர் துடிக்கும்போது நாமும் துடிக்கிறோம். கடம்பூர்க் கந்தமாறனும் அவ்வாறே. தன் முதுகில் குத்தியவன் நண்பன் வந்தியத்தேவனே என்று தவறாக எண்ணுகிறான். பகை வளர அது போதும்.

பார்த்திபேந்திர பல்லவனிடம் வரும்போதுதான் மனம் ஒப்ப மறுக்கிறது. ஆதித்த கரிகாலனின் உயிர்த்தோழன். களம் பல கண்டவன். இளவரசர் அருள்மொழியை இலங்கையிலிருந்து தன் கப்பலில் அழைத்து வருகிறான். வந்தியத்தேவனைக் காப்பாற்றப் படகில் இறங்கிய இளவரசர் புயலில் மறைந்துவிடுகிறார். அந்தத் துயரத்தோடு கோடிக்கரையில் கரையேறியவன், அங்கே நந்தினியைக் காண்கிறான். சில பேச்சுகளிலேயே அவள் வலையில் விழுந்துவிடுகிறான். தோழனின் தம்பி மாண்டான் என்று கலங்கிய நெஞ்சில் இதற்கு இடம் எங்கிருந்து வந்தது? பழைய பொறாமையோ, ஆறாத அவமதிப்போ முன்கூட்டி நமக்குக் காட்டப்படவில்லை. நந்தினி அழகி என்பதே விடை. இதனால் நந்தினியும் சிறுத்துப்போகிறாள். பழுவேட்டரையரை ஆட்டிவைத்தபோது அவளுடைய அறிவைக் கண்டோம். இங்கே வெறும் மாயக்காரி ஆகிவிடுகிறாள்.

வாரப் பத்திரிகைத் தொடருக்குப் புதிய பகைவர்கள் தேவைப்பட்டிருக்கலாம். அந்த நெருக்கடியை அறிந்தவர்கள் கல்கியைக் கடிந்துகொள்ள மாட்டார்கள். எனினும் வருத்தம் வேறொன்று. வீரபாண்டியனின் தலைகொண்டவன் என்ற பட்டத்தோடு பார்த்திவேந்திரவர்மன் என்னும் பெயர் தொண்டைமண்டலக் கல்வெட்டுகளில் காணப்படுகிறது. அவன் ஆதித்த கரிகாலனே என்று கருதும் ஆராய்ச்சியாளர்களும் உண்டு. எவனாயினும், கல்லில் வெற்றிவீரனாக நிற்பவன். 2022, 2023 ஆண்டுகளில் வந்த மணிரத்னத்தின் திரைப்படங்களைப் பார்த்த நம் பிள்ளைகளிடம் அவன் பெயரைச் சொன்னால், விக்ரம் பிரபுவின் முகம்தான் நினைவுக்கு வரும்.

கரிகாலனின் கொலையைப் பற்றிய கல்வெட்டு நம் அருகிலேயே, காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் இருக்கிறது. முதலாம் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் முதலியோரைத் துரோகிகள் என்று பெயர் சுட்டி, அவர்தம் உறவினரின் நிலங்களும் பறிக்கப்பட்டதைச் சொல்கிறது. அவர்களுள் இருவருக்குப் பிரமாதிராசன் என்ற பட்டம் இருந்தது. அரசு அலுவலில் உயர்ந்தோர் பெறும் பட்டம் அது. ஒன்றில் இருமுடிச்சோழன் என்று சோழரின் பெயரே சேர்ந்திருக்கிறது. அரசின் சிறப்பைப் பெற்ற கைகள் ஏன் இளவரசன்மேல் ஓங்கின? பாண்டியனுக்காகப் பழிவாங்கினர் என்பது கல்கி தந்த விடை. கல்லில் பெயர்களும் தண்டனையும் உள்ளன; காரணம் ஒரு வரியும் இல்லை.