பேஸ்பால் ஜோஸ்யம்

அக்டோபர் மாதம் பிறந்துவிட்டால் அமெரிக்க தேசத்தில் ஜோஸ்யர்களின் தொகை பெருகிவிடுகிறது. கணித சாஸ்திரம் கற்ற பேராசிரியர் முதல் க்ஷவரக் கடையில் முறைக்குக் காத்திருப்பவர் வரை எல்லோரும் பலன் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். பேஸ்பால் இறுதித் தொடர்களில் எந்தக் கோஷ்டி ஜயிக்கும் என்பதே கேள்வி. இந்த ஜோஸ்யம் ஏன் இவ்வளவு அடிக்கடி பொய்க்கிறது என்று ஆராயப் புகுந்த நமக்கு, சில சமயம் பலிப்பதுதான் ஆச்சரியம் என்று தோன்றலாயிற்று!

பேஸ்பாலைக் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லலாம். ஒவ்வொரு கோஷ்டியும் வருஷத்துக்கு 162 ஆட்டங்கள் ஆடுகிறது. அவற்றில் நூறு ஜயித்தால் மகா பலசாலி என்று பெயர். அதாவது, அந்த மகா பலசாலியும் 62 தடவை மண்ணைக் கவ்வியிருக்கிறான்! இப்படிப்பட்டவனை ஏழு ஆட்டத் தொடரில் இறக்கி, முதலில் நான்கு ஜயிப்பவனுக்கே வெற்றி என்றால் என்ன ஆகும்? நேயர்கள் சற்றே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எதிரியோடு நூறு ஆட்டம் ஆடினால் 55 ஜயிக்கக்கூடிய கோஷ்டி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏழு ஆட்டத் தொடரில் அது வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 61 மாத்திரமே. ஐந்து ஆட்டத் தொடரானால் 59. ஐந்து தொடர்களுக்கு இரண்டு வீதம் வலியவனே தோற்பான் என்று ஏற்படுகிறது.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 1906-ம் வருஷம் சிகாகோவின் கப்ஸ் கோஷ்டி 116 ஆட்டங்கள் ஜயித்து, 36 மட்டுமே தோற்றது. அதே ஊரைச் சேர்ந்த ஒயிட் ஸாக்ஸ் கோஷ்டியோ, பந்தை அடிப்பதில் தன் லீகிலேயே கடைசி. உலகத் தொடரில் இரண்டும் மோதின. ஒயிட் ஸாக்ஸ் நாலுக்கு இரண்டு என்று ஜயித்துவிட்டது! 2001-ல் ஸியாட்டில் கோஷ்டியும் அதே 116-ஐ எட்டியது. ஆனால் உலகத் தொடரின் வாசற்படியைக்கூட மிதிக்காமல் நியூயார்க் யாங்கீஸிடம் தோற்று வீடு திரும்பியது.

1960-ல் நடந்தது இன்னும் வேடிக்கை. நியூயார்க் மூன்று ஆட்டங்களில் 16-3, 10-0, 12-0 என்று பிட்ஸ்பர்க்கைப் புரட்டி எடுத்தது. ஏழு ஆட்டங்களிலும் சேர்த்து நியூயார்க் எடுத்த ஓட்டங்கள் 55. பிட்ஸ்பர்க் எடுத்தவை 27. தொடரை வென்றதோ பிட்ஸ்பர்க்! ஏழாவது ஆட்டத்தின் கடைசி முறையில் மாஸரோஸ்கி என்பவர் அடித்த ஒரே அடியில் பந்து வேலியைத் தாண்டிப் போயிற்று. 10-9 என்று கதை முடிந்தது. கல்யாணத்தன்று மூட்டை மூட்டையாக அரிசி வடித்துவிட்டு, மறுநாள் கஞ்சிக்குத் தவிக்கிற வீட்டைப்போல், நியூயார்க் தன் ஓட்டங்களை வேண்டாத இடத்தில் செலவிட்டுவிட்டது.

இந்த விஷயத்தில் முதலில் சாஸ்திரீயமாகக் கை வைத்தவர்களில் ஹார்வர்டு பேராசிரியர் பிரெடரிக் மாஸ்டெல்லர் ஒருவர். 1946-ல் பாஸ்டன் ஸெயின்ட் லூயியிடம் தோற்றதே அவரை இந்தக் கேள்வியில் இழுத்துவிட்டது. உலகத் தொடரில் சிறந்த கோஷ்டியே ஜயிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 80 என்று 1952-ல் அவர் மதிப்பிட்டார். நம் அபிப்பிராயத்தில் அது சற்றுத் தாராளமான மதிப்பு. தவிர, அக்காலத்தில் இரண்டு லீகுகளின் முதல்வர்கள் நேரே மோதினார்கள். 2022 முதல் பன்னிரண்டு கோஷ்டிகள் இறுதிக் கட்டத்தில் நுழைகின்றன. ஒவ்வொரு தொடரிலும் நூற்றுக்கு 60 வாய்ப்புள்ள கோஷ்டிகூட, மூன்று தொடர்களையும் தாண்டும் வாய்ப்பு 22-க்கும் குறைவு. 2023-ல் நூறும் அதற்கு மேலும் ஜயித்த மூன்று கோஷ்டிகள் தாங்கள் ஆடிய முதல் தொடரிலேயே வெளியேறின. 84 ஜயித்த அரிஸோனா உலகத் தொடர் வரை சென்றது.

பந்து எறிபவர்களைக் கவனிப்பவன்தான் ஓரளவு தேர்ந்த ஜோஸ்யன். வருஷம் முழுவதும் ஐந்து பேர் முறைவைத்து ஆட்டத்தைத் தொடங்குகிறார்கள். அக்டோபரில் இடையே ஓய்வு நாட்கள் வருவதால் சிறந்த மூவர் நால்வரே போதும். 2014-ல் ஸான் பிரான்ஸிஸ்கோவின் பம்கார்னர் ஐந்தாவது ஆட்டம் முழுவதும் தாமே எறிந்து, எதிரிக்கு ஓர் ஓட்டமும் கொடுக்கவில்லை. இரண்டே நாள் ஓய்வுக்குப் பின் ஏழாவது ஆட்டத்தின் நடுவில் வந்து, கடைசி ஐந்து முறைகளையும் அவ்வாறே முடித்தார். அவருடைய தோளின் வலிமையை எந்தப் புள்ளிவிவரம் முன்கூட்டிச் சொல்லியிருக்கும்?

2004-ல் பாஸ்டன் ரெட் ஸாக்ஸ் யாங்கீஸிடம் மூன்று ஆட்டங்களை வரிசையாகத் தோற்றது. மூன்றாவது 19-8 என்ற அவமானத் தோல்வி. இரு தரப்பும் சமபலம் என்று கொண்டாலும், மீதி நான்கையும் ஜயிக்கும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. அப்படி மீண்ட கோஷ்டி அதுவரை பேஸ்பாலில் ஒன்றுகூட இல்லை. நான்காவது ஆட்டத்தின் ஒன்பதாம் முறையில் ஓர் ஓட்டம் பின்தங்கியிருந்தபோது, டேவ் ராபர்ட்ஸ் என்பவர் மின்னலென ஓடி இரண்டாவது தளத்தைத் திருடினார். அடுத்த அடியில் ஆட்டம் சமமாயிற்று. பாஸ்டன் அன்று ஜயித்தது, மறுநாளும் ஜயித்தது, நான்கையும் ஜயித்தது. பிறகு ஸெயின்ட் லூயியையும் நான்கே ஆட்டங்களில் வென்று, 1918-க்குப் பின் முதல் முறையாக உலகத் தொடரைக் கைப்பற்றியது.

அந்த 86 வருஷங்களில் காத்திருந்தே கண்ணை மூடியவர்கள் எத்தனையோ பேர். வெற்றிச் செய்தி வந்ததும், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மயானத்துக்குச் சென்று, தகப்பனார் பாட்டனார் கல்லறைகளின் மேல் ரெட் ஸாக்ஸ் தொப்பிகளையும் சிறு கொடிகளையும் வைத்துவிட்டு வந்தார்கள்.