பெட்டிக்குள் ஒரு கூட்டுக்குடும்பம் – 9: தொட்டால் பிரியும்

போன வாரம் விட்ட இடம்: தாய் ப்ராசஸ் ‘ஃபோர்க்’ ஆகித் தன்னைப் போலவே பிள்ளைகளைப் பெறுகிறது, வெப் சர்வர் அந்தப் பிள்ளைகளிடம் வேலை வாங்குகிறது. மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளவும். இந்த வாரம் டேட்டாபேஸ் கனெக்‌ஷன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்குள் வேறொன்று கண்ணில் பட்டுத் தொலைத்துவிட்டது.

பிள்ளை பிறக்கும்போதெல்லாம் தாயின் மெமரியை முழுசாக நகலெடுத்தால் எந்த மெஷினும் தாங்காது. அதனால் லினக்ஸ் சொத்தைப் பிரிக்காமலே எல்லோரையும் அனுபவிக்க விடுகிறது. யாராவது எழுதக் கை வைத்தால்தான் பாகப்பிரிவினை. அதுவும் கை வைத்த பக்கத்துக்கு மட்டும். ஒரு பக்கம் பெரும்பாலும் 4,096 பைட். இதுதான் காப்பி-ஆன்-ரைட். வெறுமனே படிப்பவரால் குடும்பம் உடையாது.

பைத்தானில் உடையும். அங்கே ஒவ்வொரு பொருளும் தன்னை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற கணக்கைத் தன் தலையிலேயே சுமக்கிறது. எடுத்துப் பார்த்தாலே பெரும்பாலும் கணக்கு மாறும், அதுவும் எழுதுவதுதான். நூலகப் புத்தகத்தை வாங்கிப் படித்தாலே தேதி முத்திரை விழுகிறதே, அப்படி.

இன்ஸ்டாகிராம்காரர்களின் பைத்தான் சர்வர்களில் பிள்ளைகளின் பொதுச்சொத்து கரைந்துகொண்டே போனது. முதலில் இந்தக் கணக்கின்மேல்தான் சந்தேகப்பட்டார்கள். கோட் ஆப்ஜெக்ட்களுக்கு அதை நிறுத்தியும் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. உண்மைக் குற்றவாளி குப்பை பொறுக்கும் கார்பேஜ் கலெக்டர்! பொருளோடு ஒட்டியிருக்கும் தன் குறிப்புகளை அது ஒவ்வொரு சுற்றிலும் திருத்திக்கொண்டிருந்தது. சுத்தம் செய்ய வந்தவரே வீட்டைப் பிரித்த கதை.

சரி, அதை நிறுத்திவிடுவோம் என்று அணைத்தார்கள். யாரோ திரும்பப் போட்டுவிட்டார்கள்! தேடிப்பார்த்தால், அவர்கள் பயன்படுத்திய ஒரு லைப்ரரியே அந்த வேலையைச் செய்திருந்தது. கடைசியில் கலெக்டர் கிளம்பவே முடியாதபடி அதன் வரம்பைப் பூஜ்யமாக்கினார்கள். ஒவ்வொரு பிள்ளையும் பகிர்ந்துகொண்ட மெமரி 140 எம்பியிலிருந்து 225 எம்பியானது. மெஷினுக்கு 8 ஜிபி மிச்சம். 2017-இல் இதை அவர்களே எழுதினார்கள். மறு வருடம் வந்த பைத்தான் 3.7-இல், ஃபோர்க்குக்கு முன் பொருள்களைக் கலெக்டரின் கண்ணில் படாமல் ஒதுக்கிவைக்க ‘ஃப்ரீஸ்’ வந்துவிட்டது. ரூபி இன்னும் முன்னாலேயே, 2013-இல், குறிப்புகளைப் பொருளிலிருந்து பிரித்துத் தனி ஏட்டுக்கு மாற்றிக்கொண்டது. எனக்கு ரூபியின் வழிதான் அழகு.

ஆசிரியர் இரண்டாவது முறை ஃபோன் செய்துவிட்டார். கனெக்‌ஷன் அடுத்த வாரம்தான். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: மெமரியில் கை வைத்தால் தனி நகல் கிடைக்கும், கனெக்‌ஷனில் கிடைக்காது. தாய் திறந்துவைத்த ஒரே லைனில் இரண்டு பிள்ளைகள் ஒரே சமயம் பேசுவார்கள், ஒருவன் கேட்டதற்கான பதில் இன்னொருவன் காதில் விழும். முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ஒரு வாடிக்கையாளரின் பில் இன்னொருவரின் திரையில் வந்து நின்றது. அன்றைக்கு எங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த இதழுக்குள் உங்கள் நிரலைத் திறந்து பாருங்கள். டேட்டாபேஸோடு இணையும் வரி ஃபோர்க்குக்கு மேலே இருந்தால், இன்றே கீழே இறக்கிவிடுங்கள்.