தொடுவுணர்வும் பந்தயப் பாவனைப் பொறியும்

வீட்டில் அமர்ந்தவாறே பந்தயக் கார் ஓட்டும் பாவனைப் பொறியை, அதாவது சிமுலேட்டரை, இன்று இளைஞர் பலர் வைத்துள்ளனர். திரையில் சிப்பாங் தடம் விரிகிறது. காதில் எஞ்சின் உறுமுகிறது. கையிலுள்ள ஸ்டீரிங் வளையம் தன்னுள் அமைந்த மோட்டாரால் திமிறுகிறது. ஆயினும் உண்மைக் காரில் தேர்ந்த ஒருவர் இதில் அமரின், முதல் வளைவிலேயே பிரேக்கை அளவிறந்து மிதித்துச் சக்கரத்தை உருளவிடாது நிறுத்திவிடக் காண்கிறோம். காரணம் யாது?

கண்ணுக்கும் காதுக்கும் செய்தி உண்டு. முதுகுக்கும் தொடைக்கும் பாதத்துக்கும் ஒன்றுமில்லை. தொல்காப்பியர் உயிர்களை வகுக்குமிடத்து ஓரறிவுயிர்க்கு உரியதாக வைத்தது இத்தொடுவுணர்வையே. ஊறு என்பது அதன் பழம்பெயர். டயர் பிடியிழக்கும் செய்தியை ஓட்டுநர் பெரிதும் இருக்கை வழியே அறிகிறார். அவ்வழி அடைபட்டால், திரையில் கார் விலகிய பின்னரே அறிய நேர்கிறது. மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு வினாடியில் 50 மீட்டர் கடந்துவிடும் என்பதை எண்ணிப் பார்க்க.

இக்குறையை நீக்க இருக்கையில் அதிர்வி பொருத்துகின்றனர். அதிர்வி என்பது கூம்பில்லாத ஒலிபெருக்கி எனலாம். ஒலிபெருக்கியில் கம்பிச்சுருளும் காந்தமும் சேர்ந்து காகிதக் கூம்பை அசைத்துக் காற்றை அதிர்விக்கும். இதிலோ அவை கனத்ததோர் எடையை அசைத்து, பொருத்திய பலகையையே அதிர்விக்கின்றன. எண்ணம் புதிதன்று. 1974இல் வெளிவந்த 'எர்த்குவேக்' திரைப்படத்திற்காக அரங்குகளில் பெரும் ஒலிபெருக்கிகள் வைத்து மக்களை நடுங்கச் செய்தனர். 1976இல் சேகா நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள் விளையாட்டுப் பொறியொன்றில் கைப்பிடியே அதிர்ந்தது.

அதிர்விக்கு எதைச் சொல்லிக் கொடுப்பது என்பதில்தான் நுட்பம் உள்ளது. விளையாட்டின் ஓசையை அப்படியே செலுத்தினால், வருணனையாளர் குரலுக்கும் இருக்கை நடுங்கும்! ஆகவே பந்தய மென்பொருள் வெளியிடும் கணக்குகளைச் சிம்ஹப் போன்ற வேறொரு மென்பொருள் படித்து, அவற்றினின்று அதிர்வை ஆக்கி, தனியானதோர் ஒலியட்டை வழியே பெருக்கிக்கு அனுப்புகிறது.

கார் மணிக்கு 100 கிலோமீட்டர் செல்கையில் முன்சக்கரத்தின் சுழற்சி 88 கிலோமீட்டருக்கே ஈடாயின், வழுக்கல் 12 விழுக்காடு. டயர்கள் பெரும்பாலும் 10 முதல் 20 விழுக்காட்டு வழுக்கலில்தான் மிகுந்த பிடி தரும். சக்கரம் முற்றும் நின்றால் வழுக்கல் 100. ஆதலின் வழுக்கல் 10ஐத் தாண்டும்போது மெல்லத் தொடங்கி, ஏற ஏற வலுக்குமாறு அமைத்தல் வேண்டும். முன்சக்கரச் செய்தியைப் பிரேக் மிதியின் அடியிலும், பின்சக்கரச் செய்தியை இருக்கையின் இடவலப் பக்கங்களிலும் வைத்தால், எந்தச் சக்கரம் வழுவுகிறது என்பதைக் காலும் தொடையும் தாமே பிரித்தறியும்.

புதியவர்கள் முதலில் கூட்டுவது எஞ்சின் அதிர்வையே. என் கருத்தில் முதலில் குறைக்கவேண்டியதும் அதுவே. நான்கு உருளைகள் கொண்ட எஞ்சின் நிமிடத்திற்கு 6000 சுற்றுச் சுழன்றால், வினாடிக்கு 100 சுற்று; சுற்றுக்கு இரண்டு வெடிப்பாக வினாடிக்கு 200 அதிர்வு. இத்தாலிய உடற்கூற்று அறிஞர் பசினியின் பெயர் தாங்கிய தோலடி நுண்ணுறுப்புகள் கூர்மையாக உணர்வது ஏறத்தாழ 250 அதிர்வளவில். இடைவிடாது அப்பகுதியைத் தூண்டினால் உணர்வு மரத்துப்போம். வழுக்கற் செய்தி வரும்போது மறைந்துபோம். அரைமணி நேரம் இன்பந்தரும் நடுக்கம் பெற்று, வேண்டிய ஒரு செய்தியை இழப்பதில் பயன் என்ன?

இனி அடுக்குமாடி வீட்டார்க்கு உரிய செய்தி. நம் சிங்கப்பூரில் மக்களிற் பெரும்பாலோர் வாழ்வது அத்தகைய வீடுகளிலே. தாழ்ந்த அதிர்வு காற்றில் ஓசையாகப் பரவாது. இரும்புச் சட்டம் வழியே கான்கிரீட்டில் இறங்கிக் கீழ்வீட்டுக் கூரையில் முனகும். இங்கே மேல்வீட்டார் காதணி கேட்கருவி அணிந்திருப்பதால் ஒன்றும் அறியார். ரப்பர்த் தாங்கிகள் வைத்தால் போதும் என்பர். அது பாதி உண்மையே. தாங்கியின் மேல் நிற்கும் பாரத்திற்கு இயல்பான அதிர்வெண் ஒன்று உண்டு, அதன் 1.4 மடங்கிற்கு மேற்பட்ட அதிர்வுகளையே தாங்கி தடுக்கும். இயல்பெண் 10 எனின், 14க்குக் கீழ்ப்பட்டவை தடையின்றி இறங்கும். 10ஐ ஒட்டியவை முன்னினும் பெருகும். கடினமான ரப்பரை அடுக்கியவர் ஏமாறுவது இதனாலேயே.

எனவே தாங்கி மென்மையாக இருத்தல் வேண்டும்; மென்பொருளில் 20க்குத் தாழ்ந்த அதிர்வுகளை வெட்டிவிடுதல் வேண்டும். இருக்கைக்கும் சட்டத்திற்கும் இடையிலும் ரப்பர் வைத்தால், அதிர்வு தரைக்குச் செல்லாது உடலிலே தங்கும். சிறிய பெருக்கியே போதுமானதாகும். பொருத்திய பின்னர், அதிர்வியை முழு வலுவில் ஓடவிட்டு, கீழ்வீட்டாரிடம் இசைவு பெற்று அவர் அறையில் ஐந்து நிமிடம் நின்று கேட்டு வருவது எல்லா அளவுகருவியினும் நன்று.