பீங்கானுக்குப் போட்டியாகக் கண்ணாடி இழை

விருத்தாசலம் என்றதும் பலருக்குப் பழமலைநாதர் கோயில் நினைவுக்கு வரும். தொழில் தெரிந்தவர்களுக்கோ பீங்கான் நினைவுக்கு வரும். செராமிக் தொழிற்பேட்டை, அத்தொழிலைக் கற்பிக்கும் அரசு நிறுவனம், களிமண்ணைப் பொம்மையாகவும் அகல் விளக்காகவும் மின்சாரப் பியூஸ் கேரியராகவும் மாற்றும் சிறு பட்டறைகள் ஆகியவற்றால் அவ்வூர் 'பீங்கான் நகரம்' என்று பெயர் பெற்றது.

மின்கம்பிகளைத் தாங்கும் இன்சுலேட்டர் வேலையில் பீங்கான் நூறாண்டுக்கு மேலாகக் கோலோச்சியது. இன்று அங்கே ஒரு போட்டியாளர் நுழைந்துவிட்டது. அதுதான் கண்ணாடி இழையால் வலுவூட்டிய பிளாஸ்டிக். பீங்கானின் வேலையை அது முழுவதும் பறித்துக்கொள்ளுமா? இக்கேள்விக்கு விடை காண, முதலில் அப்பொருளின் தன்மையை அறிந்துகொள்வோம்.

உடைவது ஏன்?

பீங்கான் கோப்பை கை தவறி விழுந்தால் நொறுங்கிவிடுகிறது. கண்ணாடித் தம்ளரும் அப்படியே. அணுக்களின் பிணைப்பு பலவீனமானது என்பதா காரணம்? இல்லை. பிணைப்பு மிக உறுதியானதே. ஆனால் பொருளின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கின்றன. இழுவிசை ஏற்படும்போது அவ்விசை முழுவதும் கீறலின் முனையில் குவிகிறது. கீறல் ஒரு நொடியில் பொருளைக் கடந்து ஓடிவிடுகிறது.

இதை விளக்கியவர் கிரிஃபித் என்ற ஆங்கிலப் பொறியியலறிஞர். 1920ஆம் ஆண்டையொட்டி அவர் கண்ணாடியை மெல்லிய இழைகளாக இழுத்துச் சோதித்தார். இழை மெலிய மெலிய அதன் வலிமை கூடிக்கொண்டே போயிற்று! மிக மெல்லிய இழை, சாதாரணக் கண்ணாடியைப் போல ஏறத்தாழ 20 மடங்கு இழுவிசையைத் தாங்கியது. மெல்லிய இழையில் பெரிய கீறலுக்கு இடமேது?

வைக்கோல் கலந்த மண்

தனி இழையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதைப் பிடித்து நிறுத்த ஒரு பசை வேண்டும். நம் கிராமங்களில் மண்சுவர் எழுப்புவோர் மண்ணோடு வைக்கோலைச் சேர்த்து மிதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மண் காயும்போது வெடிக்காதபடி வைக்கோல் பிடித்துக்கொள்கிறது. இங்கும் தத்துவம் அதுவே. வைக்கோலின் இடத்தில் கண்ணாடி இழை. மண்ணின் இடத்தில் பாலியெஸ்டர் அல்லது எபாக்ஸி என்னும் பிசின்.

ஓர் இழை அறுந்தாலும் பிசின் அதன் சுமையைப் பக்கத்து இழைகளுக்குப் பகிர்ந்து கொடுத்துவிடுகிறது. ஓடிவரும் வெடிப்பும் இழையின் ஓரத்தில் திசை மாறி அடங்கிப்போகிறது. இவ்வாறு, தனித்தனியே உடையக்கூடிய இரு பொருள்கள் சேர்ந்து உறுதியான ஒரு பொருளாகின்றன. இதன் எடை, அதே பருமனுள்ள எஃகின் எடையில் ஏறக்குறைய கால் பங்குதான்.

செய்யும் முறை

மணல், சுண்ணாம்புக்கல் முதலியவற்றை உலையில் உருக்கி, நுண்துளைகளுள்ள பிளாட்டினக் கலவைத் தட்டின் வழியே இழுத்தால் இழைகள் கிடைக்கும். ஓர் இழையின் பருமன் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவு.

படகு போன்றவற்றுக்கு அச்சு தேவை. அச்சில் இழைப் பாயை விரித்து, கெட்டிப்படுத்தும் மருந்து கலந்த பிசினைப் பூசி, உருளையால் அழுத்திக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றுவார்கள். சில மணி நேரத்தில் அது இறுகிவிடும், சூளை வேண்டியதில்லை. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடற்கரையில் மரப்படகுகளின் இடத்தைப் பிடித்த படகுகள் இவ்வாறு செய்யப்பட்டவையே. முப்பந்தலில் சுழலும் காற்றாலை இறக்கைகளிலும் கண்ணாடி இழையே வலிமை தருகிறது.

கம்பத்தின் உச்சியில்

பீங்கான் அமுக்கு விசையை நன்றாகத் தாங்கும். இழுவிசையைத் தாங்குவதில் பின்தங்கியது. பெரிய மின்கோபுரங்களில் பல பீங்கான் தட்டுகளைச் சங்கிலிபோலக் கோக்கிறார்கள். அச்சங்கிலி மிகவும் கனமானது.

புதிய இன்சுலேட்டரின் நடுவில் இருப்பது, எல்லா இழைகளும் ஒரே திசையில் நீளவாக்கில் செல்லும் பிளாஸ்டிக் தண்டு. அதன் மேல் சிலிக்கோன் ரப்பர் குடைகள். எடை மிகக் குறைவு; கல்லடி பட்டால் நொறுங்காது. ரப்பரின் மேல் நீர் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டுவிடுவதால், உப்புக் காற்று வீசும் கடலோரங்களுக்கு இது மிகவும் ஏற்றது.

ஆனால் இதற்கும் குறைகள் உண்டு. ரப்பர் உறை கிழிந்து ஈரம் உள்ளே புகுந்தால், அங்கே உண்டாகும் அமிலம் இழைகளை அரித்துத் தண்டு திடீரென முறியலாம். இதற்காகவே அமிலத்தைத் தாங்கும் தனிவகைக் கண்ணாடி இழையைப் பயன்படுத்துகிறார்கள். வேலை செய்வோருக்கும் எச்சரிக்கை தேவை. இழைத் தூள் தோலில் அரிப்பை உண்டாக்கும். பிசின் ஆவி கண்ணையும் மூச்சையும் வருத்தும். மேலும், இறுகிய பிசினை மறுபடி உருக்க முடியாது. பழைய படகையும் இறக்கையையும் என்ன செய்வது என்பது இன்று உலகெங்கும் எழுந்துள்ள சிக்கல்.

யாருக்கு எந்த வேலை?

இப்போது நம் கேள்விக்கு வருவோம். உங்கள் வீட்டுப் பியூஸ் கேரியரைக் கவனியுங்கள். மின்னோட்டம் மிஞ்சும்போது உள்ளே கம்பி உருகிப் பொறி பறக்கிறது. ஆயிரம் டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூளையில் வெந்து வந்த பீங்கானுக்கு அது பெரிதல்ல. பாலியெஸ்டர் பிசினோ கருகிப்போகும். ஆகவே இழுவிசையும் எடையும் முக்கியமான இடத்தில் இழை வெல்லும். நெருப்பும் வெப்பமும் உள்ள இடத்தில் பீங்கான் நிற்கும்.

பீங்கான் தொழில் கற்பவர்களுக்கு இந்தப் புதிய பொருள் அந்நியமன்று. அச்சு எடுப்பதும், காற்றுக் குமிழை விரட்டுவதும், வெடிப்பைக் கண்டு அஞ்சுவதும் இரு தொழில்களுக்கும் பொது. இழைக்கு மூலமான கண்ணாடியும் மணலை உருக்கிப் பிறந்ததே. ஒன்றை நன்கு அறிந்த கைக்கு மற்றொன்று எளிதில் வசப்படும்.