புல் தடுக்கினால் படுத்து விடும் 8 சக்கர பயில்வான்!

ஏரியா? இறங்கும். சேறா? ஏறிப் போகும். பனியா? கவலையே இல்லை. இப்படி எதற்கும் அஞ்சாத வண்டி, ஒரு பிடி புல்லிடம் தோற்றுப் போகிறது!

கனடா நாட்டின் ஒன்டாரியோ மாகாணத்தில் நியூ ஹாம்பர்க் என்ற சிற்றூரில் தயாராகும் 'ஆர்கோ' வண்டிதான் அது. முதல் வண்டி 1967-ல் வந்தது. இதில் 8 சக்கர ரகம் ரொம்பப் பிரபலம். வேட்டைக்குப் போகிறவர்கள், மீட்புப் படையினர், சதுப்பு நிலத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் ஓட்டுகிறார்கள்.

டயர்தான் துடுப்பு

பார்ப்பதற்கு சக்கரம் வைத்த பிளாஸ்டிக் தொட்டி மாதிரி இருக்கும். தண்ணீரில் இறங்கியதும் மிதக்கும். தனியாகத் துடுப்பு கிடையாது. டயரில் உள்ள பட்டைகளே தண்ணீரைத் தள்ளும். வேகம் மணிக்கு 4, 5 கிலோ மீட்டர்தான். ஆள் நடக்கிற வேகம்!

ஆபத்து இங்கேதான். சுழலும் சக்கரம் தண்ணீரோடு நீர்ச்செடிகளையும் இழுக்கிறது. சைக்கிள் சக்கரத்தில் தாவணி சிக்கினால் எப்படிச் சுற்றுமோ, அப்படிச் சுற்றுகிறது. டயருக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவே அச்சில் கயிறு போல இறுகி விடுகிறது.

"ஒரு பிடி புல்தானே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டால் போச்சு! இறுகிய புல், பேரிங்கைக் காக்கும் சீலை அரித்துக் கிழிக்கும். சேறும் தண்ணீரும் உள்ளே புகும். பேரிங் தேயும், ஆடும். அச்சு வெளியே வரும் துவாரம் வழியாக வண்டிக்குள் தண்ணீர் கசியும். நடு ஏரியில் இப்படி ஆனால் கதி என்ன? தண்ணீரை வெளியேற்ற பம்ப் வைத்திருப்பார்கள். அதுவும் ஓரளவுக்குத்தான் தாங்கும்.

கை பத்திரம்!

அதனால் அனுபவசாலிகள் கரை ஏறியதும் முதல் வேலையாக அச்சைத்தான் பார்ப்பார்கள். என்ஜினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்த பிறகே குனிவார்கள். வளைந்த கத்தியால் புல்லை அறுத்து, சுற்றிய திசைக்கு எதிர்த்திசையில் பிரித்து எடுப்பார்கள். ரொம்ப இறுகியிருந்தால் சக்கரத்தையே கழற்ற வேண்டியதுதான். பிறகு பேரிங்குக்கு கிரீஸ் அடிப்பார்கள். புது கிரீஸ் ஏற ஏற, சேறு கலந்த பழைய கிரீஸ் வெளியே வந்து விடும்.

ஒட்டிக் கொண்டு போகும் எதிரி

வண்டியோடு ஆபத்து முடிவதில்லை. 'யூரேசிய மில்ஃபாயில்' என்ற நீர்ச்செடி வட அமெரிக்க ஏரிகளைப் படாதபாடு படுத்துகிறது. அதில் ஒரு துண்டு அச்சில் ஒட்டிக் கொண்டு அடுத்த ஏரிக்குப் போனால் போதும். அந்தத் துண்டே வேர் விட்டுப் புதுச் செடியாகி விடும்! நம் ஊர் ஏரி, குளங்களை மூடும் ஆகாயத்தாமரையும் இப்படித்தான் ஒன்று பலவாகப் பெருகுகிறது.

இதனால் ஒன்டாரியோவில் 2022 ஜனவரி 1 முதல் படகுக்காரர்களுக்குக் கட்டாய விதி வந்தது. படகை வேறு இடத்துக்கு ஏற்றிச் செல்லும் முன் செடிகளை அகற்றி, உள்ளே தேங்கிய நீரை வடித்து விட வேண்டும்.

அச்சிலிருந்து அறுத்த புல்லையும் மறுபடி தண்ணீரில் வீசக் கூடாது. கரையை விட்டுத் தள்ளி, வெயிலில் காயப் போட வேண்டும். அங்கே அது வெறும் சருகு. தண்ணீரில் விழுந்தாலோ மறுபடி முளைத்து விடும்!