நெய் ஏன் வெடிப்பதில்லை?

கார்த்திகைத் தீபத்தன்று மாலை 6 மணிக்குத் திருவண்ணாமலையில், 2,668 அடி உயர மலை உச்சியில் மகாதீபம் ஏற்றுவார்கள். கொப்பரையில் காடாத் துணித் திரி, கற்பூரம், சுமார் 3,500 கிலோ நெய். சில ஆண்டுகளில் இன்னும் கூடுதல். அத்தனை நெய்யும் எரிகிறது, வெடிப்பதில்லை. கீழே தெருவில், துளி மருந்து அடைத்த லட்சுமி வெடியோ காதைப் பிளக்கிறது!

வெடிமருந்தில்தான் சக்தி அதிகம் என்று நினைக்கிறீர்களா? இல்லை. ஒரு கிராம் நெய் எரிந்தால் சுமார் 9 கிலோ கலோரி வெப்பம் வரும். டி.என்.டி. என்னும் பலமான வெடிமருந்து ஒரு கிராம் வெடித்தால் ஏறக்குறைய 1 கிலோ கலோரிதான்.

வித்தியாசம் வேகத்தில் இருக்கிறது. நெய் எரிய ஆக்சிஜன் காற்றிலிருந்து வரவேண்டும்; வருகிற அளவுக்குத்தான் எரியும். அதனால்தான் தீபம் 11 நாள் நின்று எரிகிறது. பட்டாசு மருந்து காற்றுக்காகக் காத்திருக்காது. அதில் கலந்துள்ள வெடியுப்பிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. கண் இமைப்பதற்குள் எல்லாம் எரிந்து, சூடான வாயு காகிதச் சுற்றைக் கிழித்துக்கொண்டு பாய்கிறது. டமார்!

நெய்யோ பட்டாசோ, இரண்டிலும் அணுக்கள் கூட்டாளியை மாற்றிக்கொள்கின்றன, அவ்வளவுதான். எந்த அணுவும் உடைவதில்லை. ஆருத்ரா தரிசனத்தின்போது பிரசாதமாகத் தரும் தீப மையைப் பார்த்திருக்கிறீர்களா? அந்தக் கறுப்பு, நெய்யிலும் திரியிலும் இருந்த அதே கார்பன்தான்.

அணுப்பிளவில் நடப்பது வேறு. யுரேனியம்-235 அணுவின் நடுவே இருக்கும் கருவில் ஒரு நியூட்ரான் மோதினால் கரு இரண்டாகப் பிளக்கும். இப்போது அது யுரேனியமே இல்லை. பேரியம், கிரிப்டான் போன்ற வேறு தனிமங்கள் ஆகிவிடும். கூடவே இரண்டு மூன்று நியூட்ரான்கள் தெறித்து, அடுத்தடுத்த கருக்களைப் பிளக்கும். இதுதான் தொடர்வினை.

இங்கேயும் வேகம் முக்கியம். 1945இல் ஹிரோஷிமாவில் போட்ட குண்டில் பிளந்தது ஒரு கிலோவுக்கும் குறைவான யுரேனியம். அது நொடிக்குள் பிளந்து, சுமார் 15,000 டன் டி.என்.டி.யின் சக்தியைக் கக்கி நகரத்தை அழித்தது. கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் உலையிலும் யுரேனியம்தான் பிளக்கிறது. ஆனால் அங்கே கூடுதல் நியூட்ரான்களை உறிஞ்சி, பிளவை ஒரே சீராக வைத்திருக்கிறார்கள். அந்த வெப்பத்தில் நீராவி உண்டாகி, மின்சாரம் கிடைக்கிறது.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. ஒரு கிராம் யுரேனியம்-235 முழுவதும் பிளந்தால் சுமார் 2 கோடி கிலோ கலோரி. மகாதீபத்தின் 3,500 கிலோ நெய் தரும் வெப்பத்துக்கு எத்தனை கிராம் வேண்டும்? விடை 2 கிராமைத் தாண்டினால், எங்கோ ஒரு பூஜ்யம் கூடிவிட்டது!